வெட்டு விழுந்த இடம்

எங்கள் அலுவலகத்துக்கு டெல் ஆப்டிபிளெக்ஸ் கம்ப்யூட்டர்கள் இரண்டு தவணையாக வந்தன. முதலில் 760, அப்புறம் 780. மேசைக்கடியில் தள்ளித் தூசு படிந்த பிறகு எது எது என்று யாரும் பார்த்ததில்லை. சிஸ்டம் ஸ்லோ என்று புகார் வந்துகொண்டே இருந்ததால், எல்லாவற்றுக்கும் ராம், அதாவது மெமரி, கூட்டிவிடுவதென்று முடிவாயிற்று. கணக்கெடுப்பு என் தலையில்.

நான் குனிந்து திறந்து பார்த்தது இரண்டே இரண்டு. இரண்டும் 780, உள்ளே இருந்தது டிடிஆர்3 வகை ராம். மற்றதையெல்லாம் நாற்காலியில் இருந்தபடியே சரிபார்த்தேன். எல்லாவற்றிலும் ப்ராசஸர் கோர் 2 டுவோ இ8400, 3 கிகாஹெர்ட்ஸ். கிராபிக்ஸும் ஒன்றுதான். ஒரே விண்டோஸ் இமேஜைத்தான், அதாவது ஒரே நகலைத்தான், எல்லாவற்றிலும் ஏற்றியிருந்தோம். ஒன்றுகூட முரண்டு பிடிக்கவில்லை. சரி, எல்லாம் ஒரே ஜாதி என்று டிடிஆர்3 எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ராம் வந்த அன்று, மூன்றாவது கம்ப்யூட்டரில் மாட்டிக்கொண்டேன். ஸ்லாட்டில் வைத்து அழுத்தினால் ஒரு பக்கம் இறங்குகிறது, மறுபக்கம் தூக்கிக்கொள்கிறது. ஓரத்து வெள்ளைக் கொக்கி மூடவே இல்லை. திருப்பி வைத்தேன், அதுவும் இல்லை. கட்டைவிரலில் கோடு பதிகிற அளவுக்கு அழுத்தியிருப்பேன். சீனியர் எட்டிப் பார்த்து, "தம்பி, போர்டை உடைக்காதே. பழையதைக் கழற்றி இதோட சேர்த்துப் பிடி" என்றார்.

பிடித்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே நீளம், இரண்டிலும் 240 பின். ஆனால் அடியில் உள்ள வெட்டு புதியதில் இன்னும் ஓரமாகத் தள்ளியிருந்தது. பழையதின் ஸ்டிக்கரில் பிசி2-6400. அதாவது டிடிஆர்3-க்கு முந்தைய வகையான டிடிஆர்2.

ப்ராசஸரை நம்பியதுதான் தப்பு. அந்தத் தலைமுறையில் ராமை இயக்கும் மெமரி கண்ட்ரோலர் ப்ராசஸருக்குள் இல்லை, போர்டில் உள்ள சிப்செட்டில் இருந்தது. 760-ல் க்யூ43 சிப்செட், போர்டு டிடிஆர்2-க்கானது; 780-ல் க்யூ45, போர்டு டிடிஆர்3-க்கானது. அதே இ8400 ஒரு போர்டில் டிடிஆர்2-வோடும் இன்னொன்றில் டிடிஆர்3-யோடும் குடித்தனம் நடத்தும். ராம் அப்படி இடம் மாறாது. டிடிஆர்2-க்கு 1.8 வோல்ட், டிடிஆர்3-க்கு 1.5. அந்த வெட்டு மட்டும் ஒரே இடத்தில் இருந்திருந்தால் அன்றைக்கு நான் சுவிட்சையும் போட்டிருப்பேன்.

மிஞ்சிய டிடிஆர்3 டிராயருக்குப் போனது. கழித்துக்கட்ட வைத்திருந்த சில 760-களைப் பிரித்து, அவற்றின் ராமை மற்ற 760-களில் போட்டு ஒப்பேற்றினோம். பின்னால் ஒரு 780-க்கு ப்ராசஸர் தேவைப்பட்டபோது, அதே 760 ஒன்றிலிருந்து கழற்றிய இ8400-ஐ வைத்தேன். தானாகவே போய் உட்கார்ந்துகொண்டது.