63.39

மூன்றாம் செமஸ்டர் முடிய இரண்டு வாரம் இருந்தபோது எங்கள் மெக்கானிக்கல் துறை நோட்டீஸ் போர்டில் ஒரு தாளை ஒட்டினார்கள். 75-க்குக் கீழே அட்டெண்டன்ஸ் உள்ள பதினோரு பேர். என் பெயருக்கு நேரே 63.39. பக்கத்தில் சிவப்பு மையில் 'எஸ்.ஏ.'.

ஷார்ட்டேஜ் ஆஃப் அட்டெண்டன்ஸ். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். 75 சதவீதம் இருந்தால் கேள்வியே இல்லை. 65-லிருந்து 74 வரை இருந்தால், உடம்பு சரியில்லாமல் போனதற்கோ விளையாட்டுப் போட்டிக்குப் போனதற்கோ சான்றிதழ் கொடுத்து, கல்லூரி முதல்வர் கையெழுத்தோடு பரீட்சை எழுதலாம். அதற்கும் கீழே போனால் ஹால் டிக்கெட் கிடையாது. அடுத்த வருஷம் ஜூனியர்களோடு உட்கார்ந்து அதே செமஸ்டரை மறுபடி படிக்க வேண்டும். இதெல்லாம் எங்கள் பேட்சுக்கான 2021 ரெகுலேஷன் பிடிஎஃபில் தெளிவாகவே இருக்கிறது. முதல் நாளே வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பினார்கள். நான் திறந்து பார்த்தது நோட்டீஸ் போர்டைப் பார்த்த அன்று ராத்திரிதான்.

எனக்கு வந்தது மஞ்சள் காமாலை. ஹாஸ்டல் தண்ணியா, பஸ் ஸ்டாண்ட் சர்பத்தா, தெரியாது. அம்மா முதல் எட்டு நாள் வீட்டிலேயே வைத்து, கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தாள். கண் மஞ்சள் குறையவில்லை, வாந்தி நிற்கவில்லை. பிறகு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில் ஒன்பது நாள். வீட்டில் ஐந்து நாள் ஓய்வு. மொத்தம் 22 நாள். ஆனால் கையில் இருந்த டிஸ்சார்ஜ் சம்மரியோ ஒன்பது நாளுக்குத்தான் பேசும்.

பட்டியலில் இருந்த இன்னொருத்தன் சொன்னான்: "ஏல, இருநூறு ரூபா குடுத்தா தேதி போட்டு சீல் குத்திக் குடுப்பாங்க. இதுக்குப் போயி முழிச்சிட்டிருக்க." உண்மையைச் சொல்கிறேன், கிளம்பிவிட்டேன். போகிற வழியில், எங்கள் அட்டெண்டன்ஸைப் பார்த்துக்கொள்கிற டியூட்டர் மேடம் கூப்பிட்டதால்தான் போகவில்லை. அந்தச் சான்றிதழில் வயிற்றுப்போக்கு என்றும் டிஸ்சார்ஜ் சம்மரியில் காமாலை என்றும் இருந்திருந்தால் என் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

நான் எழுதிப்போன விண்ணப்பத்தை மேடம் முதல் வரியோடு நிறுத்திவிட்டார். 'உடல்நிலை சரியில்லாத காரணத்தால் கல்லூரிக்கு வர இயலவில்லை' என்று எழுதியிருந்தேன்.

"இதத்தான் பதினோரு பேரும் எழுதியிருக்கீங்க. நாள் கணக்கு எங்க?"

பழைய கேள்வித்தாள் ஒன்றைத் திருப்பி, பின்பக்கத்தில் பென்சிலால் மூன்று கோடு இழுத்தார். தேதி, காரணம், ஆதாரம். செமஸ்டரில் மொத்தம் 560 பீரியட், நான் இருந்தது 355. வராதது 205. ஒரு நாளைக்கு ஏழு பீரியட் என்றால் 29 நாள், போக இரண்டு பீரியட் லேட். காமாலைக்கு 22. மிச்சம் ஏழு நாள்?

"ரெண்டு நாள் சிம்போசியம் போனோம் மேடம். பேப்பர் பிரசன்டேஷன்."

"அப்ப அது ஓ.டி. தானே? ஏன் ஆப்சென்ட் விழுந்திருக்கு?"

ஓ.டி. என்றால் ஆன் டியூட்டி. இப்படி அனுமதியோடு வெளியே போன நாளும் வந்ததாகவே கணக்கு. துறைத் தலைவர், அதாவது ஹெச்.ஓ.டி., கையெழுத்துப் போட்ட ஓ.டி. படிவத்தை யாரும் மேடத்திடம் கொடுக்கவேயில்லை. ஆளுக்கு ஆள் மற்றவன் கொடுத்திருப்பான் என்று நினைத்திருக்கிறோம். எங்கள் டீமில் ஒருவனுடைய லேப்டாப் பையின் சைடு ஜிப்பில், நான்காக மடித்தபடி, டீக்கறையோடு கிடைத்தது.

அந்த 14 பீரியட்தான் எல்லாம். 355-ஓடு 14 சேர்ந்தால் 369. 65.89, ரவுண்ட் ஆஃப் பண்ணி 66. அதுவரை நான் கேட்டுக்கொண்டிருந்தது சலுகை; ஓ.டி. என் கணக்கில் சேர வேண்டியதே. 65-ஐத் தொடாத ஒருவன் எவ்வளவு நீளமான மெடிக்கல் சர்டிபிகேட் வைத்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை. முதலில் தேட வேண்டியது ஓ.டி. படிவத்தை. இது யாருக்காவது உபயோகப்படும் என்றுதான் இவ்வளவு கணக்கையும் எழுதுகிறேன்.

மிச்ச ஐந்து நாளுக்கு ஆதாரம் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். அந்தக் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார்.

கீழாநெல்லி நாட்களுக்கு ஆதாரம் அம்மாவின் பீரோவில் இருந்தது. இரண்டாம் நாளே தெருமுனை லேபில் ரத்தம் கொடுத்திருந்தோம். காமாலையைக் காட்டுகிற பிலிருபின் அளவு 11 என்று போட்ட அந்த ரிப்போர்ட்டை, துணிக்கு அடியில் விரித்த செய்தித்தாளுக்குக் கீழே ரேஷன் கார்டோடு வைத்திருந்தாள். தேதியும் இருந்தது. கடைசி ஐந்து நாளுக்கு, டிஸ்சார்ஜ் சம்மரியின் அடியில் டாக்டர் ஓய்வு என்று எழுதிய ஒரு வரி போதுமானதாக இருந்தது.

பேப்பரெல்லாம் சேர்ந்ததும் "அப்பாவைக் கூட்டிட்டு வா" என்றார்கள். அப்பாவுக்கு லோடு ஆட்டோ. ஒரு நாள் வராவிட்டால் சந்தைக்காரர்கள் வேறு வண்டி பிடித்துவிடுவார்கள். கல்யாண வீட்டுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். ஹெச்.ஓ.டி. அறை வாசலில் பெஞ்ச் காலியாக இருந்தது, உட்காரவில்லை. பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டார்கள். பேச்சு நான்கு நிமிஷம்கூட இருக்காது. "பையன ஒழுங்கா வரச் சொல்லுங்க." "சரிங்க சார்." இதைப் போனில் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. நான் செய்த தப்புக்கு அவர் ஏன் கைகட்டி நிற்க வேண்டும்?

போர்டலில் ஏற்றிவிட்ட கணக்கைத் திருத்த முதல்வரின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அலுவலகத்துக்கு நான்கு நடை. ஐந்தாவது நாள் 'எஸ்.ஏ.' போய் ஹால் டிக்கெட் வந்தது.

அதற்குப் பிறகுதான் பாடம் ஒன்றுமே தெரியாது என்பது உறைத்தது. நான் படுத்திருந்த நாட்களில் தெர்மோடைனமிக்ஸில் ஸ்டீம் டேபிள், அதாவது நீராவியின் அளவுகள் உள்ள அட்டவணை, ஆரம்பித்து முடித்திருந்தார்கள். கல்லூரியில் சாயங்காலம் 4.15-லிருந்து ஒரு மணி நேரம் கோச்சிங் கிளாஸ் உண்டு. அரியர் வைத்தவர்களுக்கானது என்று நாங்கள் அந்தப் பக்கமே போகமாட்டோம். அதைவிடப் பெரிய பிரச்சினை, கல்லூரி பஸ் 4.20-க்கே கிளம்பிவிடும். யாருக்காக அந்த நேரத்தில் வைத்தார்களோ! காமாலைக்குப் பிறகு ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டதால், டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஏழரைக்கு வீடு சேர்வேன். ஆறே பேர் கிளாஸ் என்பதால் சார் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்து, அழுத்தத்துக்கு நேரே விரலை வைத்து 'இப்படியே வா, இதுதான் என்தால்பி' என்று காட்டுவார். அறுபது பேர் கிளாஸில் இது நடக்காது.

விட்டுப்போன இன்டர்னலுக்கு, அதாவது கல்லூரியே வைக்கும் டெஸ்ட்டுக்கு, ரீடெஸ்ட் கொடுத்தார்கள். அப்படியும் தெர்மோவில் நாற்பதுக்கு 18-தான். பாஸாக மொத்தம் 50 வர வேண்டுமென்றால் செமஸ்டர் பரீட்சையின் அறுபதில் 32 வேண்டும். அதாவது நூற்றுக்கு 54. அந்த 54-ஐ ஸ்டீம் டேபிள் புத்தகத்தின் அட்டையில் பென்சிலால் எழுதினேன். பரீட்சைக்கு உள்ளே கொண்டுபோகிற புத்தகம் என்பதால் முந்தின நாள் ஞாபகமாக அழித்தேன்.

ரிசல்ட் வந்த அன்று சர்வர் திறக்கவே ராத்திரி பதினொன்று ஆனது. தெர்மோவில் 'சி'. எல்லையில் நிற்கிற கிரேடு, ஆனாலும் பாஸ். எம்-3 என்கிற மூன்றாவது கணக்குப் பாடத்தில் 'யு'. அப்பா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யு-ன்னா என்னல?"

"அரியர்ப்பா. அடுத்த செமஸ்டர்ல திரும்ப எழுதணும்."

"எழுதிக்கிடலாம்." கொஞ்ச நேரம் கழித்து, "அதுக்கு நான் வரணுமா?"