கடல் கடந்து போன வீட்டுப் பிள்ளைகள் கடலூரில் கரையேறும்போது

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரருக்குத் தோன்றாத்துணை நாதர் என்றும் ஒரு திருநாமம். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் பெருமானை, அந்தக் கல்லையே தெப்பமாக்கிக் கரை சேர்த்தவர் அவர். கரையேறிய இடத்துக்கு இன்றும் கரையேறவிட்டகுப்பம் என்றுதான் பெயர். ரீயூனியன், மொரீசியஸ், குவாதலூப், தென்னாப்பிரிக்கா என்று பல திசையிலிருந்து, அந்தக் காலத்தில் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர்களின் நான்காம் ஐந்தாம் தலைமுறைப் பிள்ளைகள் வேட்டியும் புடவையுமாக இங்கே வருகிறார்கள். ஊர்ப்பக்கம் எந்தச் சன்னதிக்கு அவசியம் கூட்டிப்போக வேண்டும் என்று கேட்டால், அந்தத் திருநாமத்துக்காகவே இங்கே கூட்டி வாருங்கள். பாட்டனுக்குப் பாட்டன் கப்பலேறிய நாளிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் கூடவே போய்க் காத்தவரின் வாசல் இது.

வருகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் படிக்க வராது. அதனால் அவர்களை அழைத்துப் போகிற நம்மவர்களுக்காகவே இது எழுதப்படுகிறது.

முதலில் அவர்களுடைய முன்னோர் ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும். பிரெஞ்சுத் தீவுகளில் 1848இல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் தேடினார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறியது. 1861இல் ஆங்கிலேயரோடு ஒப்பந்தமான பிறகு ஆங்கிலேயர் பகுதியிலிருந்தும் சட்டப்படி ஆள் எடுத்தார்கள். இதனால் ஒரு குழப்பம் வரும். காகிதத்தில் புதுச்சேரி என்றிருந்தால் அது கப்பல் ஏறிய துறையாக மட்டும் இருக்கலாம். பிறந்த கிராமம் விருத்தாசலம் பக்கமோ தஞ்சாவூர் பக்கமோ இருக்கும். பிரெஞ்சுக் குறிப்பில் கூதலூர் மாதிரி ஒரு பெயர் வந்தால் அது நம் கடலூர். போர்ட்டோ நோவோ என்றால் பரங்கிப்பேட்டை. தென்னாப்பிரிக்கக் கப்பல் பட்டியலில் கிராமம், தாலுகா, ஜில்லா மூன்றும் இருக்கும். ஜில்லா தென்னாற்காடு என்று கண்டதும் நேராகக் கடலூருக்கு வந்துவிடுகிறார்கள். பழைய தென்னாற்காடு 1993இல் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தது. பிறகு விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சியும் தனியானது. தாலுகா பெயரைப் பார்த்து மாவட்டத்தை முடிவு செய்யாவிட்டால் இரண்டு நாள் அலைச்சல் வீண்.

இனி உடுப்பு. இங்கேதான் நிறையப் பேர் சிரமப்படுகிறார்கள். தாத்தா கட்டியதைக் கட்டிக்கொண்டு சாமி முன் நிற்க வேண்டும் என்ற ஆசையோடு, வந்த அன்றே கடைக்குப் போய் விலை உயர்ந்ததை வாங்குகிறார்கள். மறுநாள் விடியற்காலையில் அதை முதன்முதலாகக் கட்டுகிறார்கள். சன்னதியில் சூடத் தட்டு நெருங்கும்போது ஒரு கை இடுப்பைப் பிடித்திருக்கும், மறு கை மேல்துண்டைப் பிடித்திருக்கும். கும்பிடக் கை இல்லை. இதைவிட வருத்தமான காட்சி வேறில்லை.

ஆண்களுக்குப் பருத்தியில் எட்டு முழ வேட்டி. இரண்டாக மடித்துக் கட்டினால் வெளிச்சத்தில் கால் தெரியாது, இடுப்பிலும் நிற்கும். நாலு முழம் குளியலுக்கும் மொட்டைக்கும் ஒன்று தனியாக இருக்கட்டும். புது வேட்டியில் கஞ்சி மொடமொடப்பு இருக்கும். அதனாலேயே வழுக்கி இறங்கும். ஒரு தண்ணீர் அலசிக் காயவைத்துவிட்டால் துணி துணியைப் பிடித்துக்கொள்ளும். கட்டுகிற முறை: பின்பக்கம் விரித்துப் பிடித்து இரண்டு முனையும் முன்னால் சமமாக வரும்படி இழுக்கணும். வயிற்றை உள்ளே எக்கிக்கொண்டு ஒரு முனையை எதிர்ப்பக்க இடுப்புக்குக் கொண்டுபோய் இறுக்கணும். அடுத்த முனையை அதன்மேல் போர்த்தி, மேல் விளிம்பை இரண்டு மூன்று சுருட்டு சுருட்டி உள்ளே செருகணும். வயிற்றைத் தளர விட்டுக் கட்டினால் பத்து அடி நடப்பதற்குள் அவிழும். நம் ஊர்ப் பெரியவர்களுக்கு அரைஞாண் கயிறு தாங்கும். வருகிறவர்களுக்கு அது இருக்காது. பை வைத்த அந்தப் பச்சை பெல்ட்டை வாங்கிக் கொடுங்கள். காசும் பாஸ்போர்ட் நகலும் அதிலேயே அடங்கிவிடும், கை இரண்டும் சாமிக்கு மிச்சமாகும். தெருவில் மடித்துக் கட்டினாலும் கோபுர வாசலில் இறக்கி விட்டுவிட வேண்டும். மேல்துண்டு சன்னதி முன்னால் தோளிலிருந்து இடுப்புக்கு வந்துவிட வேண்டும்.

பெண்களுக்குச் சொல்ல வேண்டியது முக்கியமாக இரண்டு. லாட்ஜில் செருப்பு போட்டுக்கொண்டு புடவை கட்டினால் அந்த உயரத்துக்கு அளவு நிற்கும். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றியதும் கரை தரையில் புரளும், மிதித்தால் கொசுவம் மொத்தமாக வெளியே வரும். வெறுங்காலோடு நின்று கட்டச் சொல்லுங்கள். உள்பாவாடை நாடா நன்றாக இறுகியிருக்க வேண்டும், புடவை முழுக்க நிற்பது அதன்மேல்தான். கொசுவத்துக்கு ஒரு ஊக்கு, தோளுக்கு ஒன்று போதும். இரண்டாவது, பட்டு என்று சொல்லி விற்கப்படும் செயற்கை நூல் புடவை. நெய் தீபம் ஏற்றுகிற இடத்தில் முந்தானை தாழ்ந்து பட்டுவிட்டால் அந்த நூல் உருகி உடம்பில் ஒட்டும். சந்தேகமாக இருந்தால் ஓரத்து நூல் ஒன்றைக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகிய வாசம் வந்து சாம்பல் உதிர்ந்தால் பட்டு. மணியாக உருண்டு கெட்டியானால் இல்லை. எங்களைக் கேட்டால் சாதாரணப் பருத்திச் சேலையே மேல். முந்தானை தாராளமாக இருக்கட்டும், பிரசாதம் ஏந்த வேண்டியது அதில்தான்.

முடிந்தால் வருவதற்கு ஒரு வாரம் முன்பே அவரவர் வீட்டில் தினம் ஒரு மணி நேரம் கட்டிப் பழகச் சொல்லிவிடுங்கள்.

புதுச்சேரியில் தங்குகிறவர்கள் மணக்குள விநாயகரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பலாம். முன்பு வந்து போனவர்கள் காட்டிய படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் யானை லட்சுமியைத் தேடும். 2022 நவம்பர் 30 அன்று அவள் போய்விட்டாள் என்பதை வழியிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆடியில் வந்தால் ஐந்தாம் வெள்ளிக்கிழமை வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் தேர். வடம் பிடிக்க வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொள்ள வேண்டும். தொங்க விட்டால் பின்னால் வருகிறவர் மிதித்துவிடுவார். கூட்டம் தாங்காது, சின்னப் பிள்ளைகளை ஓரமாகவே நிறுத்துங்கள்.

பாடலீஸ்வரரிடம் காலையில் ஒன்பது மணிக்குள் போய்விட வேண்டும். அதற்கு மேல் பிராகாரத்துக் கல் சுடும். செருப்பில்லாமல் நடந்து பழகாத பாதம் கொப்பளித்துவிடும், பிறகு நான்கு நாள் பயணமும் கெடும். வேற்று முகம், கலப்பு நிறம், கிறிஸ்தவப் பெயர் எல்லாம் சேர்ந்து எந்தக் கோயிலிலாவது கொடிமரத்தருகே யாராவது நிறுத்திக் கேட்கக்கூடும். வாக்குவாதம் வேண்டாம். எந்த ஊர் வம்சம், என்ன வேண்டுதல் என்று கூட வந்தவர் நிதானமாகச் சொன்னால் வழி கிடைத்துவிடும். சில இடங்களில் சாமி மேல் நம்பிக்கை உண்டு என்று எழுதிக் கேட்பார்கள், எழுதிக் கொடுக்கலாம். வேட்டி கட்டி விபூதி பூசி வந்த பிள்ளையை வாசலில் நிறுத்தும்போது நமக்கு நெஞ்சு வலிக்கத்தான் செய்கிறது.

அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு அர்ச்சகர் கேட்பார்: பேர், நட்சத்திரம், கோத்திரம்? அந்த இடத்தில் எல்லாம் நின்றுவிடும். பெயர் பிரெஞ்சுப் பெயராக இருக்கும். நட்சத்திரம் யாரும் குறித்து வைக்கவில்லை. கோத்திரம் என்ற சொல்லே முதல் தடவையாகக் காதில் விழும். தோட்டத்தில் ஒரு நம்பர் கொடுத்தார்கள், அந்த நம்பர் மட்டும் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. கூனிக் குறுகி நிற்கிறவர்களுக்குப் பக்கத்தில் நிற்கிற நாம் ஒன்று சொல்ல வேண்டும்: "சாமி பேருக்கே பண்ணிடுங்க, சிவ கோத்திரம்." அர்ச்சகர் தலையாட்டிவிட்டு உள்ளே போவார். போகும்போது அந்தப் பிரெஞ்சுப் பெயரையும் நாக்கைத் திருப்பித் திருப்பி ஒருவிதமாகச் சொல்லித்தான் போவார். லிங்கத்துக்கு முன்னால் அந்தப் பெயர் ஒலிக்கும். மணி அடிக்கும். தீபம் மேலே ஏறும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். தமிழில் ஒரு சொல் தெரியாத வாய் அப்பா அப்பா என்று முனகும். அவர்கள் வீட்டில் அந்தச் சொல் மட்டும் மிஞ்சியிருக்கும். அப்பனே, தோன்றாத் துணையே, எத்தனை அலையைத் தாண்டி இழுத்து வந்தாய்! அம்மா பெரியநாயகி, நீ இந்தப் பாதிரி மரத்தடியில் தவமிருந்து காத்தது போலத்தானே அந்தத் தாய்களும் அங்கே கரும்புக் கொல்லையில் காத்துக் கிடந்தார்கள். விபூதியை வாங்கும் கை நடுங்கும். வாங்கியதைக் கீழே சிந்தாமல் முந்தானையில் முடிந்துகொள்ளச் சொல்லுங்கள். அப்போது படம் எடுக்காதீர்கள், கேட்டாலும் எடுக்காதீர்கள்.

அங்கிருந்து திருவந்திபுரம் ஐந்தாறு கிலோமீட்டர். கொள்ளுப்பாட்டி நேர்ந்துகொண்டு தீராமல் போன மொட்டை ஒன்று அநேகமாக எல்லா வீட்டிலும் பாக்கி இருக்கும். திருப்பதிக்கு நேர்ந்ததைக்கூட இங்கே தேவநாதப் பெருமாளுக்குச் செலுத்துகிற வழக்கம் உண்டு. முகூர்த்த நாளாக இருந்தால் தவிர்த்துவிடுங்கள். ஒரே காலையில் நூறு கல்யாணம் நடக்கும், கெடிலம் பாலத்திலேயே வண்டி நின்றுவிடும். புது வேட்டியும் வெளிநாட்டு முகமும் கண்டால் தரகர்கள் மொய்ப்பார்கள். மொட்டை, தரிசனம், மாலை எல்லாம் சேர்த்து ஒரே தொகை என்று கேட்பார்கள். அறநிலையத் துறைக் கோயில்களில் முடி காணிக்கைக்கு 2021 முதல் கட்டணம் கிடையாது. ரசீது இல்லாமல் யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். வேண்டுதலோடு வந்தவர்களை இப்படிப் பிடுங்குவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

நாலு முழத்தோடு மொட்டை, குளியல், ஈரம் துவட்டித் தலையில் சந்தனம், அதற்குப் பிறகு எட்டு முழம். வரிசை மாறினால் ஒட்டிய முடி நாள் முழுக்கக் குத்தும். சந்தனம் காய்ந்த பிறகே சட்டை போட வேண்டும். கோயிலில் உள்ள சேஷ தீர்த்தக் கிணற்றுக்குக் காணிக்கையாகும் உப்பும் மிளகும் வெளியிலேயே வாங்கிக்கொள்ளலாம். ஹயக்ரீவர் மலைக்கு 74 படி. புடவைக் கொசுவத்தை இடக்கையால் லேசாகத் தூக்கிக்கொண்டு ஏறினால் தடுக்காது.

நேரம் இருந்தால் சிதம்பரம். கனகசபை ஏற ஆண்கள் சட்டை கழற்ற வேண்டும். வேட்டி கட்டியவர்களுக்கு அதில் கூச்சம் இருக்காது.

குலதெய்வம் தெரிந்தவர்கள் மட்டும் கிராமத்துக்குப் போக வேண்டும், தெரியாதவர்களை ஏதோ ஒரு கோயிலில் நிறுத்தி இதுதான் உங்கள் சாமி என்று சொல்லாதீர்கள். அது பாவம். ரீயூனியன் பிள்ளைகள் அங்கே பாண்டியாளி கதை, அதாவது நம் திரௌபதி கதை, சொல்லித் தீ மிதிக்கிறவர்கள். நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் நுழைந்ததும் யாரும் சொல்லாமலே அவர்களுக்கு இடம் தெரிந்துவிடுகிறது. தீக்குழி இருக்கும் திசையை விரலால் காட்டுவார்கள். பூசாரி மஞ்சள் துணியை இடுப்பில் சுற்றிவிட்டால் அதைக் கழற்றாமல் சாயங்காலம் வரை கட்டியிருப்பார்கள். மாரித் தாயே, நீ இங்கே மட்டும் இல்லை என்று எங்களுக்குக் காட்டிக் கொடுத்தது அவர்கள்தான்.

கோயில் மண்ணை ஒரு பிடி கேட்பார்கள். கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள்: மண், விதை, செடி, பழம் எல்லாம் பல நாட்டு விமான நிலையத்தில் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். தாயின் மண் அந்தக் கதிக்கு ஆளாக வேண்டாம். விபூதி, குங்குமம் கெட்டியாக மூடிய பொட்டலத்தில் போகலாம்.

மாலையில் தேவனாம்பட்டினம் கடற்கரை. அந்தக் காலத்தில் கப்பல் நடுக்கடலில் நிற்கும், அலையைத் தாண்டிச் சலங்குப் படகில் ஏற்றிக்கொண்டு போவார்கள். வழியில் இறந்தவர்களுக்கும் சேர்த்து எள்ளும் தண்ணீரும் இங்கே விடலாம். மாசி மகத்தன்று வந்தால் சாமிகளே தீர்த்தவாரிக்கு இந்தக் கரைக்கு எழுந்தருள்வார்கள். முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம், இங்கே அலை இழுக்கும். கடல் தண்ணீர் பட்ட வேட்டியை நல்ல தண்ணீரில் அலசாமல் பெட்டியில் வைத்தால் பழுப்புக் கறை விழும் என்று சொல்லிப் பாருங்கள். சிலர் அலச மாட்டார்கள். அப்படியே மடித்து, விபூதிப் பொட்டலத்தை நடுவில் வைத்து எடுத்துப் போவார்கள்.