ஓடியது 9 மணி, நின்றது 8 மணி

பைக் பயணத்தில் பெட்ரோலுக்கும் டீக்கும் யார் எவ்வளவு போட்டார்கள் என்று குறித்துக்கொள்ளத்தான் எங்கள் கூட்டத்து ஆடிட்டர் அந்த நோட்டைக் கொண்டுவந்தார். பின்னட்டையில் பெருக்கல் வாய்ப்பாடு போட்ட 40 பக்க நோட்டு. ராத்திரி வாங்கிப் புரட்டிப் பார்த்தால் ரூபாய்க் கணக்கு ஒன்றரைப் பக்கம்தான். மிச்சமெல்லாம் நிமிடக் கணக்கு. யாரால், எங்கே, எத்தனை நிமிடம் நின்றோம் என்று வரிக்கு வரி எழுதி வைத்திருந்தார் மனுஷன்.

முகப்பேரில் காலையில் ஷட்டில் ஆடுகிற ஏழு பேர் நாங்கள். பைக்கில் எங்காவது நீளமாகப் போய்வர வேண்டும் என்று மூன்று மாதமாகப் பேச்சு. ஆரம்பத்தில் லடாக். எத்தனை நாள் லீவு கிடைக்கும் என்று ஒருவர் கேட்டதும் அது தனுஷ்கோடி ஆனது. அங்கே போய்ச் சேரவே கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர் என்றதும் ஏலகிரி ஆனது. போக வர 450 கிலோமீட்டர் சொச்சம், ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று முடிவானது.

ஆடிட்டர் உடனே வகுத்துக் காட்டினார். மணிக்கு 60 என்றால் நாலு மணி நேரத்தில் மலை. விடியற்காலை நாலரைக்குப் புறப்பட்டால் எட்டரைக்கு ஏரிக்கரை. பன்னிரண்டு வரை சுற்றல், ஒரு மணிக்கு ஆம்பூரில் பிரியாணி, சாயங்காலக் காபிக்கு அவரவர் வீடு. கேட்கவே நன்றாக இருந்தது. யார் முன்னால், யார் பின்னால், என்ன சைகை, எங்கே பெட்ரோல் என்று தினம் இருபது மெசேஜ் ஓடியது. சுவரில் தொங்குகிற காலண்டரை மட்டும் யாரும் பார்க்கவில்லை. அதன் பலன் ஆம்பூரில் தெரிந்தது.

எங்கள் கூட்டத்தில் ஆடிட்டர் தவிர மற்ற ஆட்களுக்குப் பெயர் கிடையாது, வண்டிதான் பெயர். மூத்தவர், 63 வயது, புல்லட் சார். பைக்கை மகன் எடுத்துப் போய்விட்டதால் மனைவியின் ஸ்கூட்டரில் வந்தவர் அன்று முதல் ஆக்டிவா. ஒருநாள் பயணத்துக்கு இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டி மாட்டி, கூடாரம் தவிர மற்ற எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு வந்தவர் பீரோ. நான் ஸ்ப்ளெண்டர். எனக்குக் கிடைத்த பதவி ஸ்வீப். எல்லாருக்கும் கடைசியில், யாரும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டு வர வேண்டிய ஆள். தமிழில் சொன்னால் துடைப்பம்.

நாலரைக்குப் பூந்தமல்லி டீக்கடை என்று ஏற்பாடு. நாலரைக்கு நானும் டீக்கடைக்காரரும் இருந்தோம். ஏழு பேரும் சேர்ந்து கிளம்பியபோது 6:40.

கூட்டமாக ஓட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒருவருக்கு நேர் பின்னால் ஒருவர் போகக்கூடாது. முதல் வண்டி லேனின் வலப்பக்கம், அடுத்தது இடப்பக்கம், மூன்றாவது மறுபடி வலம். ஊடுபுள்ளிக் கோலத்தில் புள்ளி வைப்போமே, அப்படி. நம் பக்கத்திலேயே நேர் முன்னால் போகிறவர் ஒரு கம்பத்தைக் கடந்த பிறகு குறைந்தது இரண்டு விநாடி கழித்துத்தான் நாம் அதைக் கடக்க வேண்டும். திடீரென்று பிரேக் அடித்தாலும் யாரும் யார் முதுகிலும் ஏற மாட்டோம். ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் கோலம் அழகாகவே இருந்தது. அதற்கப்புறம் சாலை வேலைக்காக வலது, இடது என்று மாற்றுப்பாதையில் திருப்பிவிட்டதில் புள்ளியெல்லாம் சிதறிப் போய்விட்டது.

கடைசி வண்டியின் கஷ்டம் கடைசியில் வருகிறவனுக்குத்தான் தெரியும். முதல் ஆள் நிதானமாக 60-ல் போவார். ஒரு லாரிக்காகக் கொஞ்சம் பிரேக்கைத் தொடுவார். இரண்டாவது ஆள் அதைவிடக் கொஞ்சம் அதிகம் அழுத்துவார், மூன்றாவது ஆள் இன்னும் அதிகம். ஏழாவதாக என்னிடம் வரும்போது நான் ஏறக்குறைய காலை ஊன்றியிருப்பேன். அதற்குள் முன்னவர்கள் மறுபடி 60-க்குப் போயிருப்பார்கள். அவர்களைப் பிடிக்க நான் 80-ல் முறுக்க வேண்டும். பிடித்த நேரத்தில் அடுத்த லாரி. நாள் பூராவும் ரப்பர் பேண்டின் நுனியில் கட்டிவிட்ட மாதிரிதான் போய்க்கொண்டிருந்தேன்.

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் பக்கம் வந்ததும் புல்லட் சார் வண்டியை ஓரங்கட்டினார். ஏதோ கோளாறு என்று பதறி எல்லாரும் நிறுத்தினோம். கோளாறு ஒன்றுமில்லை. இந்த டிராக் வருவதற்கு முன்னால் ரேஸ் எல்லாம் சோழவரத்தில், உலகப் போர் காலத்துப் பழைய விமான ஓடுபாதையில்தான் நடக்கும், சின்னப் பையனாக அப்பாவோடு போய்ப் பார்த்தேன் என்று சொல்ல ஆரம்பித்தார். நன்றாகத்தான் சொன்னார். புல்லட் 1956 முதல் திருவொற்றியூரில் தயாரான கதைக்கு அவர் வந்தபோது, ஆடிட்டர் பேனா மூடியைத் திறப்பதை முதல்முறையாகப் பார்த்தேன். "வரலாறு – 22 நிமி."

அடுத்து நடந்ததை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. காஞ்சிபுரம் பிரிவு தாண்டியதும் முன்னால் போன புல்லட் சார் இடது கையை நீட்டி மேலும் கீழும் ஆட்டினார். எங்கள் சைகைப் பாடத்தின்படி அதற்கு அர்த்தம், வேகத்தைக் குறை, நிற்கப் போகிறோம். ஆறு பேரும் கட்டுப்பாடாக ஓரத்தில் ஒதுங்கி நின்றோம். அவர் போய்க்கொண்டே இருந்தார். ஒரு கிலோமீட்டர் போன பிறகு கண்ணாடியில் யாரையும் காணோமே என்று நின்று போன் போட்டார்.

"ஏம்பா நின்னுட்டீங்க?"

"நீங்கதானே சார் கை காட்டினீங்க?"

"கை மரத்துப் போச்சுய்யா, உதறினேன்!"

சரி, நின்றதுதான் நின்றோம் என்று ஒருவர் வேலியோரம் போனார். அவர் திரும்பி வருவதற்குள் இன்னொருவருக்கும் வந்துவிட்டது. பீரோ பெட்டியைத் திறந்து எல்லாருக்கும் கடலை மிட்டாய் கொடுத்தார். "கை மரப்பு – 18 நிமி."

பைக்குக்கு டோல் கிடையாது. இடது ஓரமாக ஒரு சின்னச் சந்து இருக்கும், அதில் நுழைந்து போய்விடலாம். எல்லாரும் போனோம். பீரோ மட்டும் நடுவில் செருகிக்கொண்டார். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. பின்னால் ஒரு எக்ஸ்எல்லில் மூன்று வாழைத்தாரோடு வந்த பெரியவர் இறங்கி, ஒன்றும் பேசாமல் அந்தப் பெட்டியை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "உள்ள என்ன வெச்சிருக்காரு, கல்யாண சீரா?" என்றார். ஒரு பக்கப் பெட்டியைக் கழற்றினால்தான் வண்டி வெளியே வரும் என்றாகிவிட்டது.

பெட்ரோல் பங்கில் இன்னொரு பாடம். ஆக்டிவாவின் டேங்க் ஐந்து லிட்டர் சொச்சம்தான், அதனால் அவருக்காக வாலாஜா பக்கம் நின்றோம். எல்லாருமே போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். "எனக்குப் பாதிக்கு மேல இருக்கு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்கள் மூன்று பேர். அந்த மூன்று பேருக்கும் "அப்புறம்" வேறு வேறு ஊரில் வந்தது. இதற்குள் பல்சர் தம்பி, நாங்கள் பங்குக்குள் திரும்பியதைக் கவனிக்காமல் நேராகப் போய்விட்டார். அவரைக் காணோம் என்று நாங்கள் வாலாஜாவில் காத்திருக்க, எங்களைக் காணோம் என்று அவர் வேலூரில் காத்திருந்தார். ஹெல்மெட்டுக்குள் போன் மணி கேட்காது. ஹெல்மெட்டைக் கழற்றியவர், போன் பையில் இருப்பதை மறந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். "35 நிமி." பக்கத்தில் காரணம் எழுதாமல் பல்சர் என்று மட்டும் எழுதி அடிக்கோடு போட்டிருந்தார் ஆடிட்டர்.

ஆம்பூர் வந்தபோது 12:15. மலைக்குப் போய்விட்டு வந்து சாப்பிடுவதாகத்தான் திட்டம். ஆனால் சாலையிலேயே வாசனை வந்துவிட்டது. கடைக்குள் போய் உட்கார்ந்தோம். சீரகச் சம்பா பிரியாணி, கூடவே கத்தரிக்காய், தயிர் வெங்காயம். ஏழு பிளேட் சொல்ல வாயெடுத்தேன்.

"எனக்கு வேண்டாம்பா, இது புரட்டாசி" என்றார் புல்லட் சார்.

பார்த்தால் நாலு பேர் புரட்டாசி. மூன்று மாதம் பேசினோம். அதில் பாதி நாள் பிரியாணியைப் பற்றியே பேசினோம். அது எந்த மாதத்தில் வருகிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆக்டிவாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. சர்வரைக் கூப்பிட்டு, "குஸ்கா இருக்கா?" என்று கேட்டார். "குஸ்காவுல கறி இல்லையே சார், அது சைவம்தானே?" என்று புல்லட் சாரிடம் தீர்ப்பும் கேட்டார்.

"கறி இல்ல. ஆனா கறியோட வெந்ததுதானே?"

"வெந்த அப்புறம் பிரிஞ்சு வந்துடுச்சே சார்."

"அந்தக் கத்தரிக்காயை வேணும்னா சாப்பிடு."

கத்தரிக்காயைப் பார்த்தார். எங்கள் தட்டைப் பார்த்தார். பிறகு நாலு பேரும் எழுந்து சைவ ஓட்டல் தேடிப் போனார்கள். கிளம்பும்போது மணி 1:25. நோட்டில் "பெருமாள் – 70 நிமி."

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். சங்கப் புலவர்கள், கவிஞர்கள், கடையெழு வள்ளல்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். வேலூர் வெயிலில் வந்தவர்களுக்கு மேலே ஏற ஏறக் காற்று மாறுவது கழுத்தில் தெரிந்தது. அன்று பகல் முழுக்க நாங்கள் பேசாமல் இருந்தது அந்தப் பத்து நிமிடம்தான். கோலம்கூடத் தானாகச் சேர்ந்துவிட்டது. பாரி வளைவில் புல்லட்டின் பின்சக்கரம் பொத்தென்று உட்கார்ந்தது.

பீரோ முகம் மலர்ந்தது. இதற்காகத்தானே இத்தனை தூரம் சுமந்து வந்தார்! பெட்டியைத் திறந்து புத்தம் புது பஞ்சர் கிட்டை எடுத்தார். அது டியூப்லெஸ் டயருக்கான கிட். புல்லட் சாருடையது கம்பி வைத்த சக்கரம், உள்ளே டியூப். பீரோ அந்தக் கிட்டை மறுபடி மடித்து வைத்த விதத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

சக்கரத்தைக் கழற்றிக் கீழே அடிவாரத்துப் பொன்னேரிக்குக் கொண்டுபோக வேண்டும். யார் வண்டியில்? கிரீஸும் மண்ணுமாக இருக்கிற சக்கரம். முல்லைக்குத் தேரையே கொடுத்தவன் பெயரில் நின்றுகொண்டு, ஆறு பேரும் பள்ளத்தாக்கின் அழகைப் பார்த்தோம். கடைசியில் ஸ்ப்ளெண்டர்தான் கொடுத்தது. துடைப்பத்துக்கு வேறு என்ன வழி.

சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு பல்சர் தம்பி பின்னால் உட்கார, வந்த வளைவுகளில் திரும்ப இறங்கினேன். பஞ்சர் கடைப் பையனுக்கு இருபது வயது இருக்கும். இரண்டு லிவரைச் செருகி டயரைப் பிரித்தான். டியூபை இழுத்துக் காற்றடித்து, கறுப்புத் தண்ணீர்த் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கித் திருப்பினான். ஒரு இடத்தில் கடுகு மாதிரி குமிழி கிளம்பி வரிசையாக வந்தது. அங்கே பற்பசை மூடி அளவுக்கு ஒரு வட்டத்தைச் சாக்கட்டியால் போட்டான். அப்புறம் டயருக்குள் கைவிட்டுத் துழாவி, ஒரு சின்ன ஆணியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான்.

"செருப்பு ஆணி சார். ஆம்பூர்லயே ஏறியிருக்கும்."

ஊரெல்லாம் தோல் செருப்புத் தொழில் நடக்கிற இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டியை நிறுத்தி வைத்தோம் அல்லவா. குஸ்கா விவாதத்தின் செலவு 100 ரூபாய். அந்த ஆணியை ஆடிட்டர் வாங்கி நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

மேலே போய்ச் சேர்ந்தபோது 4:25. புங்கனூர் ஏரியில் படகுக்கு நீள வரிசை. ஏரியைப் பார்த்தோம், போட்டோ எடுத்தோம், டீ குடித்தோம். இருட்டுவதற்குள் வளைவுகளை இறங்கிவிட வேண்டும் என்று ஐந்து மணிக்குக் கிளம்பிவிட்டோம். ஆக, ஏலகிரியில் இருந்தது 35 நிமிடம். ஆம்பூரில் இருந்ததில் பாதி.

திரும்பி வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் பாதி இருட்டு, பாதி மழை. காவேரிப்பாக்கத்தில் பிடித்துக்கொண்டது. ஒரு பங்கின் கூரைக்கடியில் 55 நிமிடம் நின்றோம். பீரோவிடம் மழைக்கோட்டு இருந்தது, ஒன்றே ஒன்று. அதைப் பெட்டிக்குப் போர்த்தினார். எதிரே வந்த வண்டிகளின் ஹை பீமும், பின்விளக்கு இல்லாத டிராக்டர் ஒன்றும் எல்லாருடைய வாயையும் அடைத்துவிட்டன. 50-க்கு மேல் யாரும் போகவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சென்னை மொத்தமும் வீடு திரும்பிக்கொண்டிருந்தது, அதோடு நாங்களும் நகர்ந்தோம்.

பூந்தமல்லி வந்தபோது 11:10. காலையில் நின்ற அதே டீக்கடை ஓரம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். எல்லாருக்கும் தூக்கம், எல்லார் வீட்டிலிருந்தும் போன். "சரி, கிளம்பலாம்" என்றார் புல்லட் சார். "கிளம்பலாம் சார்" என்றோம். "அந்தக் குஸ்கா..." என்று ஆரம்பித்தார் ஆக்டிவா.

ஆடிட்டர் வண்டியின் சீட்டில் நோட்டை வைத்து, செல்போன் வெளிச்சத்தில் கூட்டினார். மொத்தம் 17 மணி 10 நிமிடம். ஓடியது 9 மணி 5 நிமிடம். நின்றது 8 மணி 5 நிமிடம். மணி 11:50-தானே ஆகிறது, வந்து சேர்ந்ததே 11:10-க்கு, கணக்கு 40 நிமிடம் கூடுதலாக வருகிறதே என்று நோட்டை வாங்கிப் பார்த்தேன். கடைசி வரியின் மை இன்னும் காயவில்லை.

"கிளம்பலாம் – 40 நிமி."