அம்மா சீரியஸ்

1980-களின் இறுதியில் ஐஎன்எஸ் ராஜ்புத் போர்க்கப்பலின் ரேடியோ அறையில் எனக்கு வேலை. விசாகப்பட்டினம்தான் தளம். நான்கு மணி நேர வாட்ச் முடிந்து ஹெட்போனைக் கழற்றினால் காது மரத்திருக்கும். பயிற்சியில் மண்டையில் ஏற்றிய பாடம் ஒன்றே: போர்க்காலத்தில் வாயைத் திறக்காதே. ஒரு சிக்னல் போதும், அது கிளம்பிய திசையை எதிரி கணித்துவிடுவான்.

அந்தப் பாடத்தைத் தலைகீழாக்கியது எங்களுக்கு முன் அதே பெயரில் இருந்த பழைய ராஜ்புத். 1942-இல் 'ராதர்ஹாம்' என்ற பெயரில் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்து, 1949-இல் நம்மிடம் வந்த நாசகாரிக் கப்பல். 1971 போரின்போது அது கிழம். கொதிகலன் பழுதோடு விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் அந்தமான் பக்கம் மறைந்திருக்க, ராஜ்புத் விசாகப்பட்டினத்திலிருந்து 160 மைல் தள்ளிப் போய், தானே விக்ராந்த் என்பதுபோல் ஓயாமல் பேசியது. தேடி வந்த பாகிஸ்தான் நீர்மூழ்கி காஜிக்கு விரித்த வலை அது. பெரிய கப்பல் பக்கத்தில் இருப்பதாக நம்பவைக்க, கரையில் ஒப்பந்தக்காரர்களிடம் இறைச்சியும் காய்கறியும் ஏராளமாகக் கேட்டுவைத்தார்கள்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. விக்ராந்த் மாலுமி ஒருவர் நோயுற்ற தாயைப் பற்றி விசாரிப்பதுபோல், சங்கேதம் இல்லாமல் ஒரு தனிப்பட்ட தந்தியையும் அனுப்பினார்கள். இதைத் திட்டத்தின் தலைவர் வைஸ் அட்மிரல் கிருஷ்ணன் பின்னாளில் எழுதியிருக்கிறார். படித்தபோது சிரித்துவிட்டேன். 'அம்மா சீரியஸ், உடனே புறப்படு' என்று ஊரிலிருந்து தந்தி வரவழைத்து லீவு வாங்காத சிப்பாய் உண்டா? நானே ஒரு பொங்கலுக்கு அப்படித்தான் ஊர் போனேன். அம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 3 நள்ளிரவுக்குச் சற்று முன் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய ராஜ்புத், நீரில் சந்தேகமான கலக்கத்தைக் கண்டு நீருக்கடியில் வெடிக்கும் இரண்டு டெப்த் சார்ஜ் குண்டுகளைப் போட்டது. சிறிது நேரத்தில் ஒரு பெருவெடிப்பு ஊரையே உலுக்கியது. காஜியை ராஜ்புத்தான் மூழ்கடித்தது என்பது நம் கடற்படையின் கணக்கு. காஜியின் சொந்தக் கண்ணிவெடியே அதற்கு எமனானது என்பது பாகிஸ்தான் தரப்பு. மெஸ்ஸில் இதைப் பேசிப் பேசிச் சோறு ஆறிப்போன நாட்கள் உண்டு. எப்படியானாலும் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் உள்ளே இருந்தார்கள்.

அவர்களில் ரேடியோ ஆபரேட்டரும் இருந்திருப்பார். நள்ளிரவு வாட்ச்சில் ஹெட்போனில் வெறும் இரைச்சல் மட்டும் கேட்கும்போது அவர் நினைப்பு வரும். அந்தத் தாயின் தந்தி அவர் காதில் விழுந்திருந்தால், கடமைக்குக் குறித்துக்கொண்டு மேலதிகாரியிடம் நீட்டியிருப்பார். நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.