எங்கள் வயதுக்காரி ஸ்ரீதேவி

எங்கள் வகுப்பில் பாதிப் பேர் 1963இல் பிறந்தவர்கள். நடிகை ஸ்ரீதேவியும் அந்த ஆண்டுதான். ஆகஸ்ட் 13, சிவகாசிக்குப் பக்கத்தில் மீனம்பட்டி என்ற ஊர். யாழ்ப்பாணத்தில் நாங்கள் அரிவரி முடித்து முதலாம் வகுப்புக்கு வந்த நேரம், அவர் சாண்டோ சின்னப்பா தேவரின் ‘துணைவன்’ (1969) படத்தில் முருகன் வேடம் கட்டிக்கொண்டு நின்றார். நாங்கள் வாய்ப்பாடு பாடமாக்கிய ஆண்டுகளில் அவர் வசனம் பாடமாக்கினார். எம்.ஜி.ஆருடன் ‘நம் நாடு’, சிவாஜியுடன் ‘பாபு’, பிறகு தெலுங்கு, மலையாளம் என்று ஓடிக்கொண்டே இருந்தார். ‘பூம்பாட்டா’ என்ற மலையாளப் படத்துக்காக 1971ஆம் ஆண்டின் சிறந்த குழந்தை நட்சத்திரம் என்று கேரள அரசு விருது கொடுத்தது. அப்போது அவருக்கு எட்டு வயது.

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று எங்கள் பழைய மாணவர் சங்கத்தில் கேட்டார்கள். ரீச்சர்மாரைப் பற்றியும் விளையாட்டுப் போட்டியைப் பற்றியும் மற்றவர்கள் என்னைவிட நன்றாக எழுதுவார்கள். எனக்கு எழுதத் தோன்றியது பள்ளிக்கூடமே கிடைக்காத இந்த எங்கள் வயதுக்காரியைப் பற்றித்தான். பள்ளி வாழ்க்கையையும் கல்லூரி வாழ்க்கையையும் இழந்துவிட்டதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதை வாசித்த பிறகு அவருடைய படங்களை நான் பார்க்கும் விதம் மாறிவிட்டது.

எங்கள் ஆரம்பப் பிரிவில் நாடகம் பழக்கிய ரீச்சர் ஒருவர் இருந்தார். ஒரு கலைவிழாவில் எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பாலமுருகனாக வந்து, மழலையை இன்னும் கொஞ்சம் கூட்டி, தலையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். சனம் கை தட்டித் தீர்த்தது. அடுத்த நாள் ஒத்திகையில் ரீச்சர் அவளைக் கூப்பிட்டு, “நீ குழந்தைதானே பிள்ளை, பிறகேன் குழந்தை மாதிரி நடிக்கிறாய்?” என்று கேட்டார். அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் அது விளங்கவில்லை. சினிமாவில் குழந்தை நட்சத்திரங்கள் வளர்ந்த பிறகு ஏன் காணாமல் போகிறார்கள் என்று யோசிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி எனக்கு நினைவுக்கு வரும். செல்லம் கொஞ்சுவதைத்தான் அவர்களிடம் எல்லோரும் கேட்டு வாங்குகிறார்கள். பத்து வயது தாண்டியதும் அந்தச் சரக்கை யாரும் கேட்பதில்லை. வேறு எதையும் அவர்களுக்கு யாரும் பழக்கியிருக்கவும் மாட்டார்கள்.

ஸ்ரீதேவி தப்பியது எப்படி? அவருடைய சின்ன வயதுப் படங்களைத் திரும்பப் போட்டுப் பார்த்தால் ஒன்று தெரியும். அந்தக் குழந்தை அதிகம் கொஞ்சுவதில்லை. எதிரில் நிற்பவரைக் கவனித்துக் கேட்கிறது, முகத்தை அசையாமல் வைத்துக்கொள்கிறது. பிலிம் சுருள் விலை கூடிய காலம் அது. ஒரே தடவையில் சரியாக நடித்துக் கொடுக்கிற பிள்ளைக்குத்தான் அடுத்த படம் கிடைக்கும். எங்கே நிற்க வேண்டும், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, முன் காட்சியில் எந்தக் கையைத் தூக்கினோம் என்பதெல்லாம் அந்த வயதிலேயே உடம்பில் ஏறிவிடும். நாங்கள் கரும்பலகைக்கு முன்னால் இருந்த அதே மணி நேரங்களை அவர் விளக்குகளுக்கு முன்னால் கழித்தார். அதுவும் ஒரு படிப்புத்தான், கடுமையான படிப்பு. ஆனால் விளையாட்டு மணி அடிக்காத பள்ளிக்கூடம் அது.

இதிலே ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் ஒரே நீதி இருக்கவில்லை. கமல்ஹாசனை எடுத்துக்கொள்ளுங்கள். ‘களத்தூர் கண்ணம்மா’வில் (1960) நடித்து ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் வாங்கிய பிள்ளை. மீசை அரும்பும் வயதில் குழந்தை வேடமும் இல்லை, கதாநாயகன் வேடமும் இல்லை. ஆகவே டி.கே.எஸ். நாடகக் குழுவுக்குப் போனார், நடனம் பழகினார், நடன உதவியாளராக வேலை பார்த்தார். பாலசந்தரின் ‘அரங்கேற்றம்’ 1973இல் வரும்போது அவர் முழு இளைஞர். சினிமாவுக்கு உதவாத அந்த இடைக்காலம் அவருக்கு ஓர் அவகாசமாக அமைந்தது. ஸ்ரீதேவிக்கு அந்த இடைவெளி கிடைக்கவே இல்லை. 1975இல் ‘ஜூலி’ என்ற இந்திப் படத்தில் கதாநாயகியின் தங்கச்சி. அடுத்த ஆண்டே பாலசந்தரின் ‘மூன்று முடிச்சு’. அதில் காதலன் கமல் தண்ணீரில் மூழ்கும்போது நண்பன் ரஜினி காப்பாற்றாமல் விட்டுவிடுவார். அந்த ரஜினியின் தகப்பனையே கல்யாணம் செய்து, ரஜினிக்குச் சின்னம்மாவாக வீட்டுக்குள் நுழைவாள் கதாநாயகி. நடித்த பிள்ளைக்கு வயது 13.

பதின்மூன்று வயதில் நாங்கள் இரட்டைப் பின்னலும் வெள்ளைச் சீருடையுமாகத் திரிந்தோம். அந்தப் பருவத்தை ஒரு பெண் பிள்ளையிடமிருந்து அப்படியே எடுத்துவிட்டு, சேலையை உடுத்தி நிறுத்திவிட்டார்கள். நடிப்பு அபாரம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்த அபாரத்தை மட்டும் பேசிவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை.

‘16 வயதினிலே’ 1977இல் வந்தது. யாழ்ப்பாணத்துக்குப் புதுப்படங்கள் பிந்தித்தான் வரும். ராஜா, மனோகரா, லிடோ, ராணி என்று படமாளிகைகளுக்குக் குறைவில்லை. ஆனால் எங்கள் வீடுகளில் பெண் பிள்ளைகளைத் தனியே விடமாட்டார்கள். அம்மாவோ மாமியோ கூட வர வேண்டும். அப்படி ஒரு மற்றினி ஷோவுக்கு வகுப்புப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து போனோம். பரட்டையும் சப்பாணியும் மற்றவர்களுக்குப் பெரிதாக இருந்திருக்கலாம். எங்களுக்கு மயிலுதான் எல்லாம். பத்தாம் வகுப்புப் பாஸ் பண்ணியவள், ஆசிரியப் பயிற்சிக்குப் போக ஆசைப்படுகிறவள், பட்டணத்து டொக்டரை நம்பி அந்த வாய்ப்பையே விட்டுவிடுகிறவள். எங்களில் பாதிப் பேருக்கு ரீச்சர் ஆகும் கனவு இருந்தது. “படிக்கப் போகாமல் விட்டாளே, விசரி” என்று திரும்பி வரும் வழியெல்லாம் ஒருத்தி அழுதுகொண்டு வந்தாள். திரையில் படிப்பை விட்ட மயிலு எங்கள் வயதுப் பிள்ளை என்பதும், நிஜத்திலும் அவளுக்கு வகுப்பறை வாய்க்கவில்லை என்பதும் அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொண்டு பார்க்கும்போது, மயிலு படிப்பைப் பற்றிப் பேசுகிற இடங்கள்தான் என்னை அதிகம் உலுக்குகின்றன.

தெலுங்கில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1972இல் ‘படிபந்துலு’ என்ற படத்தில் என்.டி. ராமாராவ் பள்ளிக்கூட வாத்தியார். ஒன்பது வயது ஸ்ரீதேவி அவருக்குப் பேத்தி. 1979இல் ‘வேடகாடு’ படத்தில் அதே ராமாராவுக்கு அவர் ஜோடி. அவருக்கு 56, இவருக்கு 16கூட நிறையவில்லை. படம் பெரிய வெற்றி. ஊரெல்லாம் இதை ஒரு சாதனை போலச் சொல்வார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. தாத்தா மாறவே இல்லை, பேத்திதான் ஏழு வருடத்துக்குள் வளர்ந்து கொடுக்க வேண்டியிருந்தது. இந்த வழக்கம் அவரோடு முடியவும் இல்லை. ‘அன்புள்ள ரஜினிகாந்த்’தில் (1984) ரஜினியை ஏங்க வைத்த குழந்தை மீனா, ‘எஜமான்’, ‘முத்து’ படங்களில் அவருக்கே கதாநாயகி ஆனார். மீனாவின் நடிப்பை நான் குறைவாக மதிக்கவில்லை. ஷாலினியும் அப்படித்தான், குழந்தையாகக் கேரளத்தையே கலக்கிவிட்டு ‘அலைபாயுதே’யில் அழகாக வந்து நின்றவர். என் மனவருத்தம் இவர்கள் மேல் இல்லை. சினிமா பெண் பிள்ளைகளிடம் காட்டும் அவசரத்தின் மேல்தான்.

சரி, ‘ஜானி’க்கு வருகிறேன். மகேந்திரனின் படம், 1980. ஸ்ரீதேவி அதில் அர்ச்சனா என்ற பாடகி. தனியே வாழ்கிறவள், பேர் பெற்றவள், பேச்சுக் குறைவு. தானே முன்வந்து, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று ஜானியிடம் கேட்பாள். தன் வாழ்க்கை அவளுக்குத் தகுதியானதில்லை என்று ஜானி தயங்குவான். தன்னைத் தவறாக நினைத்துத்தான் தயங்குகிறான் என்று அவள் மனம் நொந்து பேசுவாள். அந்தக் காட்சியில் ஸ்ரீதேவி குரலை உயர்த்துவதில்லை. கண்ணீரைக் காட்டுவதற்கென்று முகத்தைத் திருப்புவதும் இல்லை. நாற்பது வயதுப் பெண்ணின் தன்மானத்தைப் பதினாறு பதினேழு வயதில் அவர் எங்கிருந்து எடுத்தார் என்று நான் வியந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். சின்ன வயதிலிருந்தே அவர் பெரியவர்களை மிகக் கிட்ட நின்று பார்த்தவர். தமிழ்ப் படங்களில் அவர் கொடுத்த மிகப் பெரிய நடிப்பு இதுதான் என்பது என் தீர்மானம். ‘மூன்றாம் பிறை’க்காரர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

அந்தப் படமும் சாதாரணமானதா? 1982. இயக்கி ஒளிப்பதிவு செய்த பாலு மகேந்திரா மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர் என்பதில் எங்களுக்கெல்லாம் ஒரு தனிப் பெருமிதம். நான் அதைப் பெரிய திரையில் பார்க்கவில்லை. 83 கலவரத்துக்குப் பிறகு, ஒரு கல்யாண வீட்டில் ரி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போட்டபோதுதான் பார்த்தேன். விபத்தில் நினைவு தப்பி மனதளவில் குழந்தையாகிவிட்ட பெண் வேடம். எந்த நடிகையும் இங்கே கொஞ்சல் நடிப்பில் விழுந்திருப்பார். ஆனால் நிஜமாகவே குழந்தையாக நடித்துப் பிழைத்த ஒருத்திக்குத்தான் குழந்தையின் பயம் தெரியும், அறிமுகமில்லாத வீட்டில் யார் கையைப் பிடிப்பது என்று தேடும் பார்வை தெரியும். நரி சாயத் தொட்டியில் விழுந்த கதையைக் கமலும் அவரும் சொந்தக் குரலிலேயே பாடியிருக்கிறார்கள். அந்த இடத்தில் அறையில் இருந்த சின்னப் பிள்ளைகள் நித்திரை கலைந்து எழும்பிச் சிரித்தார்கள். சிறு வயதிலேயே உழைக்க வந்த இரண்டு பேர், ஊட்டிக் குளிரில் ஒருவருக்கொருவர் கதை சொல்லி விளையாடுகிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. கமலுக்கும் பாலு மகேந்திராவுக்கும் தேசிய விருது கிடைத்தது. ஸ்ரீதேவிக்குக் கிடைக்கவில்லை.

இந்திப் பக்கத்தில் ‘சோல்வா சாவன்’ (1979) தோல்வி, ‘ஹிம்மத்வாலா’ (1983) பெரும் வெற்றி, அப்புறம் ‘மிஸ்டர் இந்தியா’. அந்தப் பத்து வருடப் பவுசு எல்லோரும் அறிந்தது. நான் சொல்ல விரும்புவது அவருக்குக் குரல் கொடுத்தவரைப் பற்றி. இந்தி சரளமாக வராததால் ஆரம்பப் படங்கள் பலவற்றில் ஸ்ரீதேவிக்கு இரவல் குரல். அந்தக் குரல் நாஸ் என்ற நடிகையுடையது. ‘பேபி நாஸ்’ என்றால் வட இந்தியாவில் ஒரு காலத்தில் தெரியாதவர் இல்லை. ராஜ் கபூர் தயாரித்த ‘பூட் பாலிஷ்’ (1954) படத்தில் நடித்து, அடுத்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் சிறப்புப் பாராட்டுப் பெற்ற குழந்தை. வளர்ந்த பிறகு அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் துணை வேடங்கள். கதாநாயகி ஆக முடியாமல்போன ஒரு குழந்தை நட்சத்திரம் ஒலிப்பதிவு அறைக்குள் நின்று, கதாநாயகி ஆகிவிட்ட இன்னொரு குழந்தை நட்சத்திரத்துக்காகப் பேசிக்கொண்டிருந்தார். ஸ்ரீதேவியின் புகழைப் பற்றி எழுதும் எவரும் நாஸின் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும் என்று நான் விரும்புகிறேன். 1989இல் ‘சாந்தினி’ படத்தில்தான் ஸ்ரீதேவி இந்தியில் தன் சொந்தக் குரலில் பேசினார்.

1997இல் ‘ஜூடாய்’. பிறகு குடும்பம், பிள்ளைகள் என்று நீண்ட இடைவெளி. திரும்பி வந்தது நாங்கள் இப்போது இருக்கும் ஊருக்கு! கௌரி ஷிண்டேயின் ‘இங்கிலிஷ் விங்கிலிஷ்’ 2012 செப்டெம்பரில் ரொறன்ரோ திரைப்பட விழாவில்தான் முதலில் காட்டப்பட்டது. விழாவுக்கு எனக்கு ரிக்கற் கிடைக்கவில்லை. ஒக்டோபரில் படம் தமிழிலும் வெளிவந்ததும் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். லட்டுப் பிடித்து விற்கும் சசி என்ற குடும்பப் பெண், அக்கா மகளின் கல்யாணத்துக்காக நியூயோர்க் வந்து, யாருக்கும் சொல்லாமல் நாலு வார ஆங்கில வகுப்பில் சேருகிறாள். கோப்பிக் கடையில் அவள் வாய் திறக்க முடியாமல் அவமானப்படும் இடத்தில் தியேட்டரே மௌனமாகிவிட்டது. இங்கே வந்த புதிதில் ஈ.எஸ்.எல். என்ற ஆங்கில வகுப்புக்குப் போன அம்மாமார் எத்தனை பேர் அங்கே இருந்தார்கள்!

ஆனால் நான் அழுதது வேறு இடத்தில். வகுப்பறையில், முன்னால் மேசை, கையில் கொப்பி, ரீச்சர் கேள்வி கேட்கும்போது பதில் தெரிந்த சந்தோஷம் முகத்தில். அந்த முகத்தில் சசி மட்டும் இருக்கவில்லை. நாங்கள் இரட்டைப் பின்னலோடு வாங்கில் இருந்து அனுபவித்ததை எங்கள் வயதுக்காரி ஐம்பதை நெருங்கும் வயதில் ஒரு படப்பிடிப்புத் தளத்தில் அனுபவித்துக்கொண்டிருந்தார். கடைசிப் பரீட்சையன்று லட்டெல்லாம் கொட்டுப்பட்டுப் போய், திரும்பப் பிடிக்க வேண்டியிருப்பதால் சசி பரீட்சைக்குப் போக மாட்டாள். மகள் என் கையைப் பிடித்து, “அம்மா, இது படம்தானே” என்றாள்.

அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ. 2017இல் ‘மாம்’. 2018 பெப்ரவரி 24 அன்று துபாயில் இறந்தார், 54 வயது. எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் அன்றிரவு யாரும் நித்திரை கொள்ளவில்லை. ‘மாம்’ படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது.

சங்கத்தின் குளிர்கால ஒன்றுகூடலில் இந்த முறை படம் காட்டும் யோசனை இருப்பதாகக் கேள்விப்பட்டேன். பெரும்பாலானவர்கள் ‘மூன்றாம் பிறை’யைத்தான் கேட்பார்கள். என் வாக்கு ‘ஜானி’க்கு. இங்கே பிறந்த பிள்ளைகளும் வரட்டும். படம் தொடங்குவதற்கு முன், அர்ச்சனாவாக நடித்தவருக்கு அப்போது என்ன வயது என்று அவர்களுக்கு யாராவது சொல்லிவிடுங்கள்.