கழுத்தில் விழும் பொழுது (2)

குறுக்கெழுத்துப் புதிர் அமைப்பவருக்குப் பல பொருள் தரும் சொல் ஒன்று வாய்த்துவிட்டால், அகராதி தரும் முதற்பொருளைக் குறிப்பாக எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. ஆனால் அது அந்தச் சொல்லை வீணாக்குவதாகும் என்றே கருதுகிறேன்.

'படி' என்னும் சொல் ஏறும் படியையும், முகத்தல் அளவையையும், நகலையும், சம்பளத்துடன் தரப்படும் தொகையையும் குறிக்கும்; வினையாக வந்தால் கற்பதையும், வண்டல் அடியில் தங்குவதையும் குறிக்கும். இதற்கு 'வாசி' என்று குறிப்புத் தந்தால் விடுவிப்பவருக்கு யோசிக்க வேலையே இல்லை. மாறாக, 'சம்பளத்தோடு வருவது ஓர் அளவுதான் (2)' என்று எழுதினால் (அடைப்பிலுள்ள எண் விடையின் எழுத்துகளின் எண்ணிக்கை), மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அது வருமானம் போதாதவரின் சலிப்பாகத் தோன்றும். 'வருவது' என்பதோடு ஒரு குறிப்பு முடிந்து, அடுத்த சொல்லில் இன்னொரு குறிப்பு தொடங்குவதைக் கண்டுகொண்டவருக்கே விடை சிக்கும்.

எல்லாப் பல்பொருட் சொற்களும் இதற்கு உதவுவதில்லை. 'திங்கள்' நிலவையும் மாதத்தையும் கிழமையையும் குறித்தாலும், மூன்றும் நிலவிலிருந்தே கிளைத்தவை என்பதால் ஒன்றைத் தொட்டதுமே மற்றவை பின்னால் வந்துவிடுகின்றன. பொருள்கள் ஒன்றுக்கொன்று உறவில்லாமல் இருக்க வேண்டும். தலைப்பில் உள்ள குறிப்பின் விடை 'மாலை'. அங்கே 'விழும் பொழுது' என்பதை 'விழும்போது' என்று படிக்க வைப்பதுதான் சூழ்ச்சி. விடை பெயர்ச்சொல்லானால் குறிப்பும் பெயராகவே முடிய வேண்டும் என்று பார்ப்பவர்கள், 'விழும்' என்று எச்சமாக நிற்பதை ஏற்க மாட்டார்கள். 'படி'க்கு அந்த விதியைக் காத்த நான், இங்கே 'விழுவது' என்று திருத்தினால் விளையாட்டே கெட்டுவிடும் என்பதால் மீறத் துணிகிறேன்.

தமிழில் ஏவல்வினை பெரும்பாலும் விகுதியின்றி நிற்பதால், கலை, அணி, மறை, ஆறு போன்ற சொற்கள் பெயராகவும் கட்டளையாகவும் ஒரே வடிவில் கிடைக்கின்றன. மேலும், நம் கட்டம் ஒவ்வொன்றிலும் உயிர்மெய் முழுதாக அமர்வதால், 'லை' என்று ஒரு கட்டம் நிரம்பிவிட்டாலே இரண்டெழுத்து விடை பாதி வெளிப்பட்டுவிடும். அதை ஈடுகட்டும் அளவுக்குக் குறிப்பில் வளைவு தேவை.

சொற்களைத் தேட, செய்யுள் வடிவிலான பழைய அகராதிகளாகிய நிகண்டுகள் பெரிதும் உதவும்; சூடாமணி நிகண்டின் 11ஆம் தொகுதி முழுவதுமே ஒருசொல் பல்பொருளுக்கு உரியது. 'கடி' என்னும் ஒரு சொல்லுக்கே தொல்காப்பிய உரியியல் கூர்மை, காப்பு, புதுமை, விரைவு, அச்சம் உள்ளிட்ட 10 பொருள்களை ஒரு நூற்பாவில் அடுக்கி, அடுத்த நூற்பாவில் ஐயத்தையும் கரிப்பையும் சேர்க்கிறது. ஆயினும் இரண்டு குறிப்புகளையும் பழம்பொருளிலிருந்தே எடுப்பது விடுவிப்பவரிடம் காட்டும் நேர்மையாகாது. ஒரு பொருளாவது எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்க வேண்டும். 'காவலுக்குப் பல்லைப் பயன்படுத்து (2)' என்று தந்தால், பழம்பொருள் அறியாதவரும் பல்லைப் பிடித்துக்கொண்டே விடைக்கு வந்துவிடலாம்.