அப்பாவின் ரிப்போர்ட்டும் என் ஐந்து பாட்டில்களும்

2022 பிப்ரவரியில் எனக்கு எண்டோஸ்கோபி எடுத்தார்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டின் கடைசி வரியில் 'இன்டெஸ்டினல் மெட்டாபிளேசியா' என்று இருந்தது. போனில் தேடினால் 'புற்றுநோய்க்கு முந்தைய நிலை' என்று வந்தது. அதற்கு மேல் படிக்க முடியவில்லை. என் அப்பா 2009ல் இரைப்பைப் புற்றுநோயில்தான் இறந்தார். கடைசி இரண்டு மாதம் கஞ்சித்தண்ணி கூட இறங்காமல் அவர் கிடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

எனக்கு இரண்டு வருடமாகவே மேல்வயிற்றில் எரிச்சல். நாலு வாய் சாப்பிட்டால் வயிறு நிறைந்த மாதிரி ஆகிவிடும். கேஸ் டிரபிள் என்று மெடிக்கல் ஷாப்பில் பான்டோபிரசோல் வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தேன். அப்பாவும் இப்படித்தான் கேஸ் மாத்திரையிலேயே காலத்தை ஓட்டினார் என்று திடீரென்று ஒருநாள் உறைத்த பிறகுதான் டாக்டரிடம் போனேன்.

முதலில் பார்த்த இடத்தில், "இது நிறைய பேருக்கு இருக்கறதுதான், பயப்படாதீங்க" என்று அதே மாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எத்தனை துண்டு எடுத்தார்கள், இரைப்பையில் எந்த இடத்தில் எடுத்தார்கள் என்று ரிப்போர்ட்டில் ஒன்றுமே இல்லை. எல்லாத் துண்டையும் ஒரே பாட்டிலில் போட்டிருக்கிறார்கள். அதில் என்ன தப்பு என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

மனம் ஆறாமல், மதுரையில் ஒரு குடல் சிறப்பு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "அப்பாவோட பழைய ரிப்போர்ட் இருக்கா?" பீரோவின் அடித்தட்டில் மஞ்சள் பைக்குள் இருந்தது. பதிமூன்று வருடமாக யாரும் பிரிக்காத பை. அதை மேஜையில் வைத்து வரிவரியாகப் படித்துவிட்டு, "இன்டெஸ்டினல் டைப்" (குடல் செல் மாதிரித் தெரியும் புற்றுநோய் வகை) என்று எழுதியிருந்த இடத்தில் பேனாவை வைத்தார்.

நான் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "இது ஜீன்லயே வர்றதா டாக்டர்? என் பொண்ணுக்கும் வருமா?"

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். மரபணு மாற்றம் என்று இரண்டு விஷயத்தைச் சொல்கிறார்கள். ஒன்று பிறப்பிலேயே வருவது. சிடிஎச்1 என்ற மரபணுவில் பழுது இருந்தால் இளவயதிலேயே, கட்டியாகத் திரளாமல் சுவருக்குள் பரவுகிற வகைப் புற்றுநோய் வரலாம். நியூசிலாந்தின் மாவோரி குடும்பம் ஒன்றை ஆராய்ந்து 1998ல் இதைக் கண்டுபிடித்தார்கள். அப்பாவுக்கு வந்தது அந்த வகை இல்லை, வயதும் அறுபதைத் தாண்டியிருந்தது. அதனால் எனக்கோ மகளுக்கோ அந்த மரபணு டெஸ்ட் தேவையில்லை என்றார். அங்கேயே அழுதுவிட்டேன்.

இன்னொன்று, அந்தத் திசுவுக்குள் மட்டும் நடப்பது. ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி வருடக்கணக்கில் இரைப்பையில் குடியிருந்து உட்சுவரைப் புண்ணாக்குகிறது. (1994லேயே இதை முதல் தரப் புற்றுநோய்க் காரணி என்று அறிவித்துவிட்டார்கள்.) சுவர் மெலிகிறது. அப்புறம் ஒரு விசித்திரம் நடக்கிறது. குடலைக் குடலாக வளர்க்கும் சிடிஎக்ஸ்2 என்ற மரபணு, இரைப்பையில் எப்போதும் அணைந்தே இருக்க வேண்டியது, அங்கே விழித்துக்கொள்கிறது. இரைப்பைச் செல் குடல் செல்லின் வேஷத்தைப் போட்டுக்கொள்கிறது. என் ரிப்போர்ட்டில் இருந்த வரி இதைத்தான் சொன்னது. இதற்கு மேலேதான் டிஸ்பிளேசியா, அதாவது செல்கள் ஒழுங்கு கெட்டு வளர்வது, அதற்கும் மேலே புற்றுநோய். படி ஏற ஏறத்தான் குரோமோசோம் உடைவது, டிபி53 போன்ற காவல் மரபணுக்கள் கெடுவது எல்லாம் சேர்கிறது. பெரும்பாலானவர்கள் அந்தப் படிகளில் ஏறுவதே இல்லை. நெதர்லாந்தில் நாடு முழுக்கக் கணக்கெடுத்து 2008ல் வெளியிட்ட ஆய்வில், என் நிலையில் இருப்பவர்களில் வருடத்துக்கு 0.25 சதவீதம் பேருக்குத்தான் புற்றுநோய் வந்தது. நானூறில் ஒருவர்.

அந்த ஒருவர் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா? சிங்கப்பூரில் இதை முயன்றிருக்கிறார்கள். 2018ல் வந்த ஆய்வில், இப்படி உருமாறிய 138 திசுக்களின் மரபணுக்களைப் படித்தார்கள். குரோமோசோம் மாற்றங்களும், அவற்றின் நுனியில் இருக்கும் டெலோமியர் தேய்ந்துபோனதும் தெரிந்த திசுக்கள்தான் மோசமான பக்கம் போயின. இயல்புக்கு நெருக்கமாக இருந்தவற்றில் சில திரும்பியும் வந்தன. 'திரும்பியும் வந்தன' என்ற அந்த ஒன்றைத்தான் அன்றைக்கு முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சரி, நம்முடைய வழக்கமான சிகிச்சையில் டெலோமியரை எல்லாம் யாரும் அளப்பதில்லை. பரவியிருக்கும் இடத்தைத்தான் பார்க்கிறார்கள். அதனால்தான் பாட்டில் கணக்கு முக்கியம். பான்டோபிரசோலை இரண்டு வாரம் நிறுத்தச் சொன்னார்கள், போட்டுக்கொண்டிருந்தால் கிருமி ஒளிந்துகொள்ளுமாம். எரிச்சலோடு அந்த இரண்டு வாரத்தை ஓட்டியது பெரும்பாடு. ஏப்ரலில் மறுபடி எண்டோஸ்கோபி. தொண்டையில் கசப்பாக ஸ்பிரே அடித்து, வாயில் பிளாஸ்டிக் வளையத்தை வைத்து, இடப்பக்கமாகப் படுக்க வைத்தார்கள். தூங்க ஊசி வேண்டாம் என்றுவிட்டேன். நடுவில் விளக்கின் நிறத்தை மாற்றினார் டாக்டரம்மா. திரையில் ரோஜா நிறமாக இருந்த சுவர் பச்சையும் பழுப்புமாக ஆனது, அதில் இளநீலக் கோடுகள் மெல்லிசாக ஓடின. அந்த இடங்களைப் பார்த்துத் துண்டு எடுத்தார். கீழ்ப்பகுதியில் இரண்டு, வளைவில் ஒன்று, உடற்பகுதியில் இரண்டு. ஐந்து துண்டு, ஐந்து பாட்டில், ஒவ்வொன்றிலும் இடத்தின் பெயர்.

ரிசல்ட்: கீழ்ப்பகுதியில் மட்டும் உருமாற்றம். உடற்பகுதி சுத்தம். டிஸ்பிளேசியா இல்லை. கிருமி இருக்கிறது.

கிருமிக்குப் பதினாலு நாள் மருந்து. பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், கூடவே அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. வாயெல்லாம் செம்பைச் சப்பிய மாதிரி ருசி. நாலாம் நாள் கண்ணாடியில் பார்த்தால் நாக்கு கறுப்பு, மலமும் கறுப்பு. அது பிஸ்மத்தின் வேலைதான், முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பதறவில்லை. ஒன்பதாம் நாள் விட்டுவிடலாம் போல இருந்தது. விடவில்லை.

மருந்து முடிந்து ஆறு வாரம் கழித்து ஊதும் டெஸ்ட். வெறும் வயிற்றில் ஒரு பையில் ஊதி, ஒரு திரவத்தைக் குடித்து, அரைமணி கழித்து இன்னொரு பையில் ஊத வேண்டும். கிருமி போய்விட்டது. இந்த டெஸ்டை நிறைய பேர் எடுப்பதே இல்லை என்று கேள்விப்பட்டேன். தயவுசெய்து எடுங்கள், ஒரே சுற்று மருந்தில் எல்லாருக்கும் கிருமி போய்விடுவதில்லை.

உருமாற்றம் ஒரே இடத்தில்தான் என்றாலும், அப்பாவுக்கு இருந்ததால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை எண்டோஸ்கோபி பார்க்கணும் என்றார் டாக்டரம்மா. 2025 ஏப்ரலில் போனேன். மறுபடி ஐந்து பாட்டில். கீழ்ப்பகுதியில் அப்படியே இருக்கிறது, கூடவும் இல்லை குறையவும் இல்லை. உடற்பகுதி இன்னும் சுத்தம்.

அண்ணனைக் கிருமி டெஸ்டுக்குச் சம்மதிக்க வைக்கத்தான் எனக்கு அதிக நாள் ஆனது. "எனக்குத்தான் ஒண்ணுமே பண்ணலையே" என்பார். கொரியாவில், இரைப்பைப் புற்றுநோய் வந்தவர்களின் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் கிருமி மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வு 2020ல் வந்தது. மருந்து எடுத்த குழுவில் 1.2 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்த குழுவில் 2.7 சதவீதம் பேருக்கும் புற்றுநோய் வந்தது. இதை ஒரு துண்டுத்தாளில் எழுதி, அப்பாவின் மஞ்சள் பையோடு அண்ணன் கையில் கொடுத்தேன். ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் போன் பண்ணி, "ஊதப் போறப்ப காபி குடிக்கலாமா?" என்று கேட்டார்.

கிருமி இருந்தது. இன்றைக்கு அவருக்குப் பதினோராவது நாள். நாக்கைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார், நல்ல கறுப்பு.